வாசலில் சப்பாத்து எண்ணியவர்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு, தெரிந்த ஒருவரைப் பற்றி எழுதித் தா என்று கஜன் கேட்டு மூன்று மாதம். முதல் மாதம் நேரமில்லை என்றேன். இரண்டாம் மாதம் காய்ச்சல் என்றேன். மூன்றாம் மாதம் உண்மையைச் சொன்னேன்: தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன், கிம்னாசியம் என்கிற டெனிஷ் உயர்பள்ளியில் பாதியில் நின்றவன், என்னைப் போய் எழுதச் சொல்கிறாயே. "வாயால அலட்டுறதை அப்பிடியே எழுது, பிழையை நான் திருத்திறன்" என்றான். கஜன் பிழை திருத்துவான் என்பதே ஒரு பகிடிதான். அதற்காகவே உட்கார்ந்தேன்.

நான் எழுதப்போவது அமெரிக்கா அண்ணையைப் பற்றி. பெயர் எழுதமாட்டேன். எழுதினாலும் பயனில்லை, அந்தப் பெயரில் எங்கள் டென்மார்க் ஊரான இக்காஸ்டில் நாலு பேர் இருக்கிறார்கள்.

துணிக் கிடங்கு ஒன்றில் மூன்று வருடம் ஒரே மேசையில் பெட்டி கட்டினோம். அவருக்கு நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு இருக்கும். பதினாலு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்கா போனவர். கல்யாணம் கட்டி, மனைவி இங்கே இருந்ததால் இங்கே வந்தவர். உலகம் முழுக்க அமெரிக்காவுக்குப் போகத் துடிக்க, அங்கிருந்து இக்காஸ்டுக்கு வந்த ஒரே மனிதர் இவர்தான் என்று நான் எல்லாருக்கும் சொல்லித் திரிந்தேன். மெலிந்த உயரமான ஆள். சைக்கிள் தலைக்கவசத்தைக் கழற்ற மறந்து சுப்பர்மார்க்கெட்டுக்குள் சுற்றுவார்.

முதல் நாளே என்னிடம் கேட்டார்.

"தம்பி, எங்க இருக்கிறாய்?"

"இஞ்சதான் அண்ணை, இக்காஸ்ட். ஸ்ரேசனுக்கு அங்கால."

மற்றவர்களுக்கு இது போதும். அவருக்கு இதுதான் தொடக்கம்.

"ரோட்டுக்கு இடப்பக்கமோ, வலப்பக்கமோ?"

"நடுவில அண்ணை. கூடாரம் அடிச்சு."

சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "உண்மையில எந்தப் பக்கம்?" என்றார்.

அவரோடு இதுதான் கரைச்சல். பகிடியை ரசிப்பார், ஆனால் கேள்வியை விடமாட்டார். நான் கிம்னாசியத்தை இரண்டாம் வருடத்தில் விட்டதை அறிந்தபோதும் அப்படித்தான். மற்றத் தமிழர்கள் இதைக் கேட்டால் செத்த வீட்டு முகம் வைப்பார்கள். இவர் கண்ணை அகலத் திறந்தார்.

"விட்டதோ, விடப் பண்ணினவையோ?"

"விட்டனான்."

"ஒருத்தரும் துரத்தேல்லையோ?"

"இல்லையண்ணை. மூண்டு தரம் கூப்பிட்டுக் கோப்பி தந்து, ஏன் வரேல்லை எண்டு கேட்டவை."

"நீ என்ன சொன்னனீ?"

"கோப்பி நல்லாயிருக்கு எண்டனான்."

பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அடுத்த நாள் வந்ததும் வராததுமாக, "உண்மையில ஏன் விட்டனீ?" என்றார். மூன்று வருடமும் மாதம் ஒருமுறையாவது கேட்டார். நான் ஒவ்வொரு முறையும் வேறு காரணம் சொன்னேன். கணக்கு, காதல், முதுகு வலி, பஸ். திட்டவும் மாட்டார், புத்தி சொல்லவும் மாட்டார். அறியவேண்டும், அவ்வளவுதான். சில நாளில் திட்டியிருந்தால் நல்லது போல இருக்கும்.

கேள்விகளை விட மோசம் அவருடைய கண். எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் ஒரு நிமிடம் கூடுதலாக நிற்பார். சப்பாத்து கழற்றுகிறார் என்று நினைப்போம். கழற்றி முடிந்தும் குனிந்தபடி நிற்பார். எண்ணுகிறார் என்று பிறகுதான் தெரிந்தது. பெரியவர் எத்தனை பேர், பிள்ளைகள் எத்தனை, யாருடையது தினம் போடுவது, யாருடையது சும்மா வைத்திருப்பது எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

கஜன் வீட்டில் நடந்ததை அவன் அனுமதியோடுதான் எழுதுகிறேன். கஜன் ஓர்கூஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கிறான் என்று அவன் அப்பா ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். கஜன் முதல் வருடமே அதை விட்டுவிட்டு, வீட்டு நிலக்கீழ் அறையில் எட்டு மாதமாகக் கொம்பியூட்டர் விளையாடிக்கொண்டிருந்தான். வெளியாரில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். அவன் தங்கச்சியின் பிறந்தநாளுக்கு நாற்பது பேர் வந்திருந்தோம். அமெரிக்கா அண்ணை வாசலில் குனிந்து நின்றார். நிமிர்ந்து, கஜனின் அப்பாவைப் பார்த்து மிகவும் அன்பாகக் கேட்டார்:

"தம்பி ஓர்கூஸிலயிருந்து வந்திட்டாரோ? உங்கட தட்டில நாப்பத்தஞ்சாம் நம்பர்ச் சப்பாத்து இன்னும் ஈரமாக் கிடக்கு."

நாற்பது பேரும் வாசலைப் பார்த்தார்கள். கஜனின் அப்பாவின் காலோ நாற்பதாம் நம்பர். நிலக்கீழ் அறையிலிருந்து விளையாட்டில் யாரோ சுடுகிற சத்தம் கேட்டது. நான் வடையை விழுங்க முடியாமல் தண்ணீர் தேடினேன்.

அதற்குப் பிறகு அமெரிக்கா அண்ணை வருகிறார் என்றால் சனம் சப்பாத்துகளை அலுமாரிக்குள் வைக்கத் தொடங்கியது. அவருக்கோ தான் என்ன பிழை செய்தார் என்றே விளங்கவில்லை. கஜன் அடுத்த மாதம் மின்சார வேலை படிக்கச் சேர்ந்தான். இப்போது அவன் உழைப்பது இருபது வருடம் வேலை செய்த அப்பாவை விட அதிகம். ஆனாலும் அவன் அப்பா இன்றைக்கும் அவர் பெயரைச் சொன்னால் எழுந்து போய்விடுவார்.

இந்தக் கண் எங்கே பழகியது என்று ஒரு நாள் இடைவேளையில் நேராகவே கேட்டேன்.

"வேலையில பழகினது" என்றார். "பிள்ளையளுக்குப் பின்னால போற வேலை."

அதையே டெனிஷிலும் சொன்னார். எங்களோடு வேலை செய்த டெனிஷ்காரர் ஒருவர் கோப்பிக் கோப்பையைப் பாதி வழியில் நிறுத்தினார். அண்ணை டெனிஷிலும் தமிழிலும் மாறி மாறி விளக்கினார்.

அமெரிக்காவில் அரசுப் பள்ளிக்கு வரும் பணத்தில் பெரும் பங்கு அந்தந்த இடத்து வீடுகளின் வரியிலிருந்து வருமாம். பெரிய வீடு, பெரிய வரி, நல்ல பள்ளி. சின்ன வீடு என்றால் எல்லாம் தலைகீழ். எந்தப் பள்ளிக்கு எந்தத் தெரு என்று கோடு கீறியிருப்பார்கள். அவர் இருந்த ஊரில் கோடு ஒரு தெருவின் நடுவால் போனது. "ஒரு பக்கத்து மரத்தின்ர நிழல் காலமை இந்தப் பள்ளிக்கூடத்தில, பின்னேரம் அந்தப் பள்ளிக்கூடத்தில" என்றார். அந்தப் பக்கம் வீடு வாங்க முடியாதவர்கள் சித்தியின் விலாசம், சிநேகிதியின் விலாசம் என்று எதையாவது எழுதிப் பிள்ளையைச் சேர்ப்பார்களாம். அப்படிச் சேர்த்தவர்களைப் பிடிக்கப் பள்ளி நிர்வாகம் ஆள் வைத்திருந்தது. அந்த ஆள் இவர். காலையில் காருக்குள் இருந்து பிள்ளை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்ப்பார். மாலையில் பஸ்ஸுக்குப் பின்னால் போய் எந்தக் கதவைத் திறக்கிறது என்று பார்ப்பார். சந்தேகம் வந்தால் வீட்டுக்குள் போய்ப் பார்ப்பார்.

"அப்ப ஏழு வயசுக் கள்ளரைப் பிடிக்கிற பொலிஸ்" என்றேன்.

யோசித்துவிட்டுச் சொன்னார்: "பொலிஸ் இல்லைத் தம்பி. தொப்பி தரேல்லை."

டெனிஷ்காரர்கள் நம்பவில்லை. பள்ளிக்கும் வீட்டு விலைக்கும் என்ன தொடர்பு என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அண்ணை பெட்டி ஒட்டும் நாடாவை எடுத்து, எங்கள் நீண்ட சாப்பாட்டு மேசையின் நடுவே ஒரு கோடு ஒட்டினார். யன்னலும் கோப்பி மெசினும் இருக்கும் பக்கம் ஒரு பள்ளி. குப்பைத்தொட்டி இருக்கும் பக்கம் மற்றப் பள்ளி.

"இஞ்ச நீச்சல் குளம், வாத்தியக் குழு. அங்க கூரை ஒழுக்கு" என்றார்.

எல்லாரும் சிரித்தோம். நாடாவை யாரும் கழற்றவில்லை. அடுத்த நாள் முதல் விளையாட்டுத் தொடங்கியது. நீச்சல் குளத்தில் இடமில்லை என்று ஒருவரையொருவர் தள்ளினோம். கோட்டைத் தாண்டி வந்த சாப்பாட்டுப் பெட்டியை நான்தான் முதலில் பிடித்து, "விலாசம் காட்டு" என்றேன். எனக்கு அந்த வேலை நன்றாக வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு கிழமை போனது. வெள்ளிக்கிழமை பார்த்தால் பதினொரு பேர் யன்னல் பக்கம் முழங்கையோடு முழங்கை இடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அந்தக் கிழமைதான் வேலைக்குச் சேர்ந்த போலந்துக்காரர் ஒருவர் குப்பைத்தொட்டிப் பக்கம் தனியாக இருந்து சாப்பிட்டார். அவருக்கு விளையாட்டு என்னவென்றே தெரியாது. அது தன் இடம் என்று நினைத்திருந்தார்.

அமெரிக்கா அண்ணை எழுந்து நகத்தால் நாடாவைச் சுரண்டத் தொடங்கினார். இடைவேளை முடியும்வரை சுரண்டினார். அதன் பசை அந்த மேசையில் இன்னும் இருக்கிறது. கையை வைத்தால் ஒட்டும்.

அவர் அமெரிக்காவை வைகிறவர் என்று நினைக்கவேண்டாம். அங்கே பிள்ளைகள் ஆசிரியரை நிறுத்திக் கேள்வி கேட்கும் விதத்தைச் சொல்லும்போது அவர் குரலே மாறும். ஆங்கிலம் தெரியாமல் போய் நின்ற அவருக்கு ஒரு ஆசிரியை தன் காசில் மூக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தாராம். கரும்பலகை தெரியாததால்தான் இந்தப் பிள்ளை பேசாமல் இருக்கிறது என்று கண்டுபிடித்தது அந்த ஆசிரியை மட்டும்தானாம். முப்பத்தைந்து வயதில் வேலை முடிந்து பின்னேரக் கல்லூரிக்குப் போய்ப் படித்தாராம். வகுப்பில் பக்கத்து வாங்கில் அறுபது வயதுப் பெண் ஒருவர் இருந்தாராம்.

"இதில எந்த அமெரிக்கா உண்மை அண்ணை?"

"ரெண்டும் ஒரே ஊர்தான் தம்பி. ஒரே தபால் பெட்டி."

இனி என் அக்காவின் கதைக்கு வருகிறேன். அதற்காகத்தான் இவ்வளவும்.

அக்கா விவாகரத்தானவள். முதியோர் இல்லத்தில் பின்னேர வேலை. மகள் மிதுராவோடு ஊரின் மறு பக்கத்தில் அடுக்குமாடிப் பிளட் ஒன்றில் இருக்கிறாள். மிதுராவுக்கு ஆறு வயது, ஓகஸ்டில் பள்ளி தொடங்கவேண்டும். அக்காவுக்கு அவளை எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் சேர்க்க ஆசை. பள்ளி முடிய அம்மா கூட்டி வருவா, அக்கா நிம்மதியாக வேலைக்குப் போகலாம். டென்மார்க்கில் பள்ளியை விரும்பியபடி கேட்கலாம். ஆனால் இடமிருந்தால்தான். முதலிடம் அந்த வட்டாரப் பிள்ளைகளுக்கு. அந்தப் பள்ளியோ நிரம்பி வழிந்தது. ஆகவே அம்மாவும் அக்காவும் சேர்ந்து, மிதுராவின் விலாசத்தை எங்கள் வீட்டுக்கு மாற்றிப் பதிந்தார்கள். பள்ளியில் இடம் கிடைத்தது. அம்மா பாற்சோறு வைத்தா.

இரண்டு மாதம் கழித்து நகரசபையிலிருந்து, நாங்கள் கொம்யூன் என்போமே, அங்கிருந்து கடிதம் வந்தது. தாய் ஒரு விலாசத்தில், பிள்ளை ஒரு விலாசத்தில் இருக்கிறதே, பிள்ளை உண்மையில் எங்கே வசிக்கிறது? வரும் செவ்வாய் மூன்று மணிக்கு இருவர் வந்து கதைக்கலாமா?

அக்கா சமையலறைக் கதிரையில் இருந்து அழுதாள். இடம் போனால் பள்ளி போகும். பள்ளி போனால் பின்னேர வேலை போகும். பொய்ப் பதிவு என்று வேறு வந்தால் என்ன செய்வார்கள் என்று தெரியாது. அம்மா என்னைப் பார்த்தா.

"உன்னோட வேலை செய்யிற அந்த அமெரிக்காத் தம்பிக்கு இதெல்லாம் தெரியுமெல்லே. வந்து வீட்டை ஒருக்காப் பாக்கச் சொல்லு. என்ன வைக்கோணும், எங்க வைக்கோணுமெண்டு."

கஜன் வீட்டில் நடந்ததை நினைத்தேன். ஆனாலும் அடுத்த நாள் கேட்டேன். நாடாவைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இஞ்சயும் கோடு இருக்கோ?"

"இருக்கு அண்ணை. ஆனா பென்சிலால கீறினது."

"சனிக்கிழமை வாறன்" என்றார். உதவி செய்வதாக அவர் சொல்லவில்லை. அதைப் பிறகுதான் கவனித்தேன்.

சனிக்கிழமைக்குள் அம்மா வீட்டை மாற்றிவிட்டா. என் அறையின் பாதியில் புதுக் கட்டில், இளவரசிப் படம் போட்ட விரிப்பு. புதுப் பல்துலக்கி. குளிர்ப்பெட்டிக் கதவில் மிதுரா கீறிய படம் பதினேழு. அமெரிக்கா அண்ணை வாசலில் வழக்கமான நேரம் நின்றார், உள்ளே வந்தார், ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். கட்டிலைத் தொட்டுப் பார்த்தார். பல்துலக்கியை மூக்கருகே கொண்டுபோனார்.

"அம்மா, இது வீடு இல்லை, கடை" என்றார். "விலைத்துண்டு மட்டும்தான் இல்லை."

"அப்ப எடுக்கட்டே தம்பி? வேற என்ன வைக்க?" என்று அம்மா பதறினா.

அவர் கதிரை ஒன்றில் இருந்து, தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்காமலே ஒரு கதை சொன்னார். அங்கே ஒரு வீட்டுக்குப் போயிருந்தாராம். எட்டு வயதுப் பிள்ளை. விலாசம் பெரியம்மாவுடையது. வீட்டில் எல்லாம் சரியாக இருந்தது. கட்டில், உடுப்பு, புத்தகம், சுவரில் படம். பிள்ளை மேசையில் இருந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தது. மழை இருட்டு. இவர் அந்தப் பிள்ளையிடம், "கொஞ்சம் லைற்றைப் போடம்மா" என்றாராம். பிள்ளை எழுந்து வந்து சுவரில் கையை வைத்துத் தடவியதாம். இந்தப் பக்கம் தடவியது, பிறகு அந்தப் பக்கம் தடவியது.

"சுவிட்ச் எங்க எண்டு அதுக்குத் தெரியேல்லை" என்றார். "நான் அறிக்கை எழுதினன். அடுத்த கிழமை பிள்ளையை அந்தப் பள்ளிக்கூடத்தால எடுத்துப்போட்டினம்."

"அதோட வேலையை விட்டிட்டீங்களோ?" அக்கா கேட்டாள்.

"இல்லைத் தங்கச்சி. பிறகும் ரெண்டு வருஷம் செய்தனான்."

"அந்தப் பிள்ளை?" என்றேன்.

"தெரியாது. நான் திருப்பிப் போய்ப் பாக்கேல்லை."

அந்த நேரம் மிதுரா நீச்சல் வகுப்பிலிருந்து வந்தாள். கதவை முழங்கையால் தள்ளி, ஈரப் பையை எறிந்து, யாரையும் பார்க்காமல் குளியலறைப் பக்கம் போனாள். எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவிட்ச் வெளியே, அவளுக்கு எட்டாத உயரத்தில். வாசல் ஆணியில் சப்பாத்துப் போட உதவும் நீளமான பிளாஸ்டிக் கரண்டி ஒன்று தொங்கும். போகிற போக்கில் அதை எடுத்தாள், தலையைத் திருப்பாமலே சுவிட்சைத் தட்டினாள், ஆணியில் திரும்ப மாட்டினாள், உள்ளே போனாள். ஆறு மாதமாக அப்படித்தான் செய்கிறாளாம். அதே வீட்டில் இருக்கும் நான் அன்றுதான் பார்த்தேன்.

திரும்பி வந்தவள் அமெரிக்கா அண்ணைக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்று, அது தன்னுடைய கதிரை என்று டெனிஷில் அறிவித்தாள். அவர் உடனே எழுந்தார்.

"கிழமைக்கு எத்தினை இரவு இஞ்ச படுக்கிறவ?" அம்மாவைக் கேட்டார்.

அம்மா விரல் மடக்கினா. "திங்கள், செவ்வாய், புதன், வியாழன் அவளுக்கு வேலை. வெள்ளி அவள் களைச்சுப்போவள், பாவம், இஞ்சயே என்னோட படுக்கட்டுமெண்டு விடுறது. சனி சில நேரம்..."

நாலு விரல், ஐந்து விரல். ஆறாவதில் கை நின்றது.

"அம்மா, எல்லாத்தையும் எடுத்துப்போடுங்கோ" என்றார் அண்ணை. "நீங்கள் பொய் சொல்லேல்லை. இந்தப் பிள்ளை இஞ்சதான் இருக்கிறா."

அம்மாவின் முகம் மலர்ந்தது. பொய் என்று நினைத்துப் பயந்தது உண்மையாகிவிட்டதே! "முருகா, அப்ப பயமில்லை" என்றா. "பிள்ளை, கேட்டனியே? அவர் வடிவாச் சொல்லுறார்."

அக்கா கரண்டி தொங்கிய ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொய்யா இருந்திருந்தா நல்லாயிருக்கும் அம்மா" என்றாள்.

"என்னடி விசர்க்கதை?"

"என்ர வீட்டில அவளுக்குச் சுவிட்ச் தெரியுமோ எண்டு எனக்குத் தெரியாது. நான்தான் போட்டுவிடுறனான்."

மிதுராவின் ஈரப் பையை எடுத்தாள், அவளைக் கையில் பிடித்தாள், போய்விட்டாள். சனிக்கிழமை. அம்மா வெண்டிக்காய்க் குழம்பு வைத்திருந்தா, இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

வாசலில் அமெரிக்கா அண்ணை நீண்ட நேரம் சப்பாத்துக் கயிறு கட்டினார்.

"தம்பி, நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம்."

"நீங்கள் வாயைப் பொத்தினா, பாக்க ஊரே டிக்கெட் எடுக்கும் அண்ணை."

சிரிக்கவில்லை. "அங்க பொய்யைக் கண்டுபிடிச்சன். இஞ்ச உண்மையைத்தானே கண்டுபிடிச்சன்?" என்று கேட்டார். கேள்வியாகத்தான் கேட்டார். ஆனால் பதிலுக்கு நிற்காமல் சைக்கிளை எடுத்தார்.

செவ்வாய் மூன்று மணிக்கு இருவர் வந்தார்கள். ஒருவர் கையில் நனைந்த குடை. அக்கா வேலைக்கு லீவு போட்டு வந்திருந்தாள். அவர்கள் உட்காரும் முன்னரே டெனிஷில் சொல்லிவிட்டாள்: பிள்ளை இதுவரை கூடுதலான நாள் இங்கேதான் தூங்கினாள், அது உண்மை. ஓகஸ்டிலிருந்து என்னோடு இருப்பாள். பகல் வேலைக்கு மாற்றித் தரக் கேட்டேன், தருகிறார்கள். பதிவை என் விலாசத்துக்கே திருப்பி மாற்றுகிறேன். இந்தப் பள்ளி இடம் வேண்டாம்.

குடைக்காரி, "சரி" என்றார். பிறகு கோப்பிக்குப் பால் கேட்டார். அவ்வளவுதான் விசாரணை. மிச்ச இருபது நிமிடமும் அம்மா செய்த ரோல்ஸைச் சாப்பிட்டு, உள்ளே என்ன போட்டிருக்கிறது என்று குறித்துக்கொண்டு போனார்கள். அம்மா கதவைச் சாத்திவிட்டு, "இடத்தைக் கையில தந்தவங்கள், இவள் வேண்டாமெண்டிட்டாள்" என்று குசினிக்குள் போனா. அன்றைக்கு முழுக்க என்னோடும் கதைக்கவில்லை. நான்தானே அவரைக் கூட்டி வந்தவன்.

அமெரிக்கா அண்ணையிடம் சொன்னேன். கையிலிருந்த பெட்டியை மூடாமல் நின்றார்.

"பகல் வேலை எண்டா சம்பளம் குறையுமே?"

"குறையும்."

"எந்தப் பள்ளிக்கூடம்? பிளட்டிலயிருந்து நடந்து போகலாமோ? எந்த ரோட்டால?"

எனக்குக் கோபம் வந்தது. "அண்ணை, அவைக்குப் பின்னால மட்டும் போகாதேங்கோ" என்றேன். பகிடி இல்லாமல் நான் அவருக்கு ஒன்றைச் சொன்னது அதுதான் முதல் தடவை. தலையாட்டினார்.

ஓகஸ்டில், பிளட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் முதல் நாள். டெனிஷ் பள்ளிகளில் முதல் நாள் பெரிய விழா. கொடி ஏற்றி, பெரிய வகுப்புப் பிள்ளைகள் கையில் சின்னக் கொடியோடு இரண்டு வரிசையாக நிற்க, புதுப் பிள்ளைகள் நடுவால் உள்ளே போவார்கள். அக்கா, அம்மா, நான், மூன்று பேரும் போனோம். அம்மா ஐந்து மாதக் கோபத்தை மறந்து சேலை உடுத்தியிருந்தா. மிதுராவின் முதுகை விடப் பை பெரிது. பின்னாலிருந்து பார்த்தால் பை தானாக நடந்து போவது போல் இருந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். தெருவுக்கு அந்தப் பக்கம், சைக்கிளைப் பிடித்தபடி, தலையில் கவசத்தோடு அமெரிக்கா அண்ணை. முதலில் கோபம்தான் வந்தது. தெருவைக் கடந்து போனேன்.

"அண்ணை, நான் என்ன சொன்னனான்?"

"பின்னால வரேல்லைத் தம்பி. அந்தப் பிளட்டுக்கு இதுதான் பள்ளிக்கூடமெண்டு எனக்கு முந்தியே தெரியும். முன்னால வந்து நிண்டனான்."

"ஏன்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. கொடிகளுக்கு நடுவால் போகும் அந்தப் பையையே பார்த்தார்.

"எத்தினையோ பிள்ளையள் வீட்டை போறதைப் பாத்திருக்கிறன்" என்றார். "ஒரு பிள்ளை உள்ளுக்குப் போறதை நிண்டு பாத்ததில்லை."

பை கதவுக்குள் போனது. அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அடுத்த வருடம் மனைவிக்குக் கோப்பன்ஹேகனில் வேலை கிடைத்து இருவரும் அதற்குப் பக்கத்து அல்பர்ட்ஸ்லுண்டுக்குப் போய்விட்டார்கள். போகும் நாளில் கை குலுக்கி, "உண்மையில ஏன் கிம்னாசியத்தை விட்டனீ?" என்றார். நானும் உண்மையைச் சொன்னேன். அதை மலருக்கு எழுதத் தேவையில்லை.

இவ்வளவையும் எழுதிக் கஜனுக்கு அனுப்பினேன். பிழை திருத்தி அனுப்புவான் என்று பார்த்தால் ஒரே ஒரு வரி வந்தது:

"அந்தப் பள்ளிக்கூடம் மிதுராவுக்குப் பிடிச்சிருக்கோ எண்டு நீ ஒரு இடத்திலயும் எழுதேல்லையேடா."